மலையாள எழுத்துரு: தமிழ்ப் பதிப்பாளர்களும் வடிவமைப்பாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையிலும் சென்னையிலும் புத்தக லே-அவுட் செய்பவர்களுக்கு அவ்வப்போது மலையாள வேலையும் வந்து சேரும். வந்ததும் முதலில் கேட்பது, "எந்த ஃபான்ட் போடலாம்?" என்பதுதான். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பது கீழே உள்ள பதில்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரியும்.

தமிழ் எழுத்துரு செய்யத் தெரிந்தவர் மலையாளத்துக்கும் செய்துவிடலாம்தானே?

பாதிக் கிணறு தாண்டலாம். வளைவுகளை வரையும் கை இருந்தால் அந்தப் பாதி கைகூடும்.

தமிழில் மெய்க்கு ஒரு புள்ளி வைத்தால் கதை முடிந்தது. க்ஷ, ஸ்ரீ என்ற இரண்டை விட்டால், மெய்யும் மெய்யும் ஒட்டி உருமாறுவதில்லை. மலையாளத்தில் அப்படியல்ல. இரண்டு மெய்கள் சேர்ந்தால் பெரும்பாலும் புதிய உருவம் ஒன்று வரும்; கூட்டக்ஷரம் என்பார்கள். 'க்க', 'த்த' போன்றவை பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். 'ட்ட', 'ஷ்ட' ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கும். 'ய்ய', 'வ்வ' என்றால் எழுத்தின் அடியில் ஒரு சின்ன முக்கோணம் போதும். 'க்ல', 'ப்ல' என்று லகரம் இரண்டாவதாக வந்தால், அது சிறு குறியாகிக் கீழே போய்த் தொங்கும். இவற்றின்மேல் உகர, ஊகாரக் குறிகளும் ஏறும்.

பழைய முறைப்படி எல்லாக் கூட்டுகளையும் வரைந்தால் ஏறத்தாழ 900 உருவங்கள் ஆகும். ஆகவே எதை ஒட்டுவது, எதைப் பிரிப்பது, எதை அடுக்குவது என்ற பட்டியலில்தான் வடிவமைப்பே தொடங்குகிறது. தமிழ் எழுத்துருவில் அந்தப் பட்டியலுக்கு வேலையே இல்லை என்பதால், தமிழிலிருந்து போகிறவர்கள் அதை எண்ணிப் பார்க்காமல் வரையத் தொடங்கிவிடுகிறார்கள்.

மலையாள அச்செழுத்தின் உருண்டை வடிவம் எங்கிருந்து வந்தது?

1772-இல் ரோமில் அச்சான மலையாள நூலின் எழுத்துகள் சதுரமாக இருக்கும். இன்றைய மலையாளிக்கு அதைப் படிக்கவே கொஞ்சம் நேரம் பிடிக்கும். உருண்டை வடிவத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுபவர் கோட்டயத்தில் இருந்த சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரி பென்ஜமின் பெய்லி. 1821-இல் அங்கே அச்சகம் தொடங்கியபோது எழுத்துகளைச் சென்னையில் வார்த்துத்தான் தருவித்தார்கள். அவை பெய்லிக்குத் திருப்தியாக இல்லை. உள்ளூர்த் தச்சரையும் வெள்ளி வேலை செய்பவரையும் கூட வைத்துக்கொண்டு தாமே அச்சு வெட்டி எழுத்து வார்த்தார். 1824-இல் குழந்தைகளுக்கான கதைத் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. கேரளத்தில் அச்சான முதல் மலையாள நூல் அதுதான். 1829-இல் புதிய ஏற்பாடு வந்தது.

மலையாள நூல் எழுத்து உருண்டையாக இருந்தால்தான் 'இயல்பாக' இருக்கிறது என்று வாசகர் இன்றும் சொல்வதற்கு, இரண்டு நூற்றாண்டாக அந்த வளைவில் பழகிய கண்தான் காரணம். கோணமான மலையாளம் சுவரொட்டிக்குச் சரி. நாவலுக்குப் போட்டால் கடிதம் வரும்.

பழைய லிபி, புதிய லிபி என்கிறார்களே, அது என்ன?

முக்கியமான கேள்வி இதுதான்.

தமிழில் 1978-இல் ணை, லை, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்கள் போய், எல்லா எழுத்துக்கும் பொதுவான கால், கொம்பு வந்தன. அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1971 ஏப்ரல் 15 முதல், கேரள அரசு இதே போன்ற ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதன் வீச்சு மிகப் பெரிது. தூண்டுகோல் தட்டச்சுப் பொறி. ஆட்சிமொழியாக மலையாளத்தைக் கொண்டுவர வேண்டும். 900 உருவங்களைத் தட்டச்சுப் பொறியில் ஏற்ற வழியே இல்லை. அச்சுக்கோப்பவரின் அறைப்பெட்டியிலும் அவை பெரிய சுமை. எனவே உருவங்களின் எண்ணிக்கையை 90-க்கும் கீழே கொண்டுவந்தார்கள்.

எப்படிக் குறைத்தார்கள்? நாம் இன்னும் கு, சு, டு, மு என்று எழுத்துக்கு எழுத்து வேறு உகரம் போடுகிறோம். அவர்களும் அப்படித்தான் போட்டார்கள். 1971-இல் உகரம், ஊகாரம், ருகரம் ('க்ருஷ்ணன்' என்பதில் வரும் குறி) மூன்றையும் உடலிலிருந்து கழற்றி, தனிக் குறியாக வலப்பக்கம் நிறுத்தினார்கள். 'க்ர', 'ப்ர' போன்றவற்றில் எழுத்தைக் கீழிருந்து சுற்றி வளைத்த ரகரக் கோட்டை எடுத்து, எழுத்துக்கு முன்னால் தனிக் குறியாக வைத்தார்கள். எழுத்தின் தலைமேல் புள்ளியாக நின்ற ரகர மெய் 'ர்' சில்லாக, அதாவது தனித்து நிற்கும் மெய்யெழுத்தாக, மாறியது. 'க்க', 'ந்த' போன்ற அன்றாடக் கூட்டுகள் தப்பித்தன. அரிதானவை சந்திரக்கலையால் பிரிக்கப்பட்டன. சந்திரக்கலை என்பது நம் புள்ளியின் வேலையைச் செய்யும் பிறை வடிவக் குறி.

தட்டச்சுக்காக வந்த மாற்றம் பாடநூலிலும் நுழைந்தது. பள்ளியில் புதிய லிபியில் படித்த பிள்ளை, வீட்டில் பெரியவர்கள் எழுதியதைப் பார்த்து ஒட்டெழுத்தும் கற்றது. இன்றும் ஒரு மலையாளி கையால் எழுதிய கடிதத்தைப் பாருங்கள், இரண்டும் கலந்தே இருக்கும்.

கணினி வந்ததும் தட்டச்சின் கட்டுப்பாடு போய்விட்டது. எழுத்துருக் கோப்பில் 90 இருந்தால் என்ன, 900 இருந்தால் என்ன? இதைத்தான் 1999-இல் 'ரசன அக்ஷரவேதி' என்ற குழு கேட்டது. ஆர். சித்ரஜகுமாரும் கே.எச். ஹுசைனும் அதில் முன்னின்றவர்கள். ஹுசைன் அப்போது பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பழைய லிபியின் கூட்டெழுத்துகள் முழுவதையும் கொண்ட 'ரசன' எழுத்துருவை வரைந்தவர் அவர்தான். கடைசியில் அரசும் அசைந்தது. புதிய லிபி வந்து அரை நூற்றாண்டு கழித்து, 2022-இல், பழைய லிபியை நோக்கித் திரும்புவதற்கான முடிவுகளை எடுத்தது.

என் கட்சி எது என்றால், நூலுக்குப் பழைய லிபி. கதையும் கட்டுரையும் நீளமாகப் படிக்கும்போது ஒட்டெழுத்து கண்ணைத் தடுப்பதில்லை. சொல் ஒரே உருவமாகப் பதிகிறது. படிவம், பெயர்ப்பலகை, சிறிய திரை இவற்றுக்குப் புதிய லிபி போதும்.

ஆசிரியர் ஒரே கோப்பைத்தான் அனுப்புகிறார். பிறகு எப்படி ஒருமுறை பழையதாகவும் ஒருமுறை புதியதாகவும் தெரிகிறது?

எழுத்துகளுக்கு எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்குப் பழைய லிபி, புதிய லிபி என்ற பேதமே கிடையாது. எந்த ஒலிகள் எந்த வரிசையில் என்பது மட்டும் கோப்பில் இருக்கும். உருவத்தை முடிவு செய்வது எழுத்துரு.

மலையாளத்தில் அரசியலுக்கு 'ராஷ்ட்ரீயம்' என்பார்கள். நாளிதழில் தினமும் பத்து இடத்தில் வரும். கோப்பில் அது பத்துக் குறியீடுகள்: ர, ஆகாரக் குறி, ஷ, சந்திரக்கலை, ட, சந்திரக்கலை, ர, ஈகாரக் குறி, ய, அனுஸ்வாரம் (இறுதி 'ம்' ஒலிக்கான சிறு வட்டம்). பழைய லிபி எழுத்துருவில் ஷ முதல் இரண்டாவது ர வரை உள்ள ஐந்தும் கரைந்து ஒரே உருவமாகும்: மேலே ஷ, அதன் அடியில் ட, இரண்டையும் கீழிருந்து அணைத்து வளையும் ரகரக் கோடு. ஆகத் தாளில் விழுவது ஆறு உருவங்கள். புதிய லிபி எழுத்துருவில் ஷ-வும் ட-வும் மட்டும் சேரும். ரகரம் தனிக் குறியாகி அவற்றுக்கு முன்னால் தாவிப் போய் நிற்கும். உருவங்கள் ஏழு.

இந்தத் தாவல் தானாக நடப்பதில்லை. ஹார்ஃப்பஸ் போன்ற உருவமைப்பு நிரல் குறியீடுகளை அசை அசையாகப் பிரித்து, எழுத்துருவுக்குள் இருக்கும் ஓப்பன்டைப் (இன்றைய எழுத்துருக் கோப்பு வடிவம்) விதிகளை வரிசையாகக் கேட்கும்: இந்த இரண்டுக்கும் கூட்டுருவம் உண்டா? ரகரத்துக்கு முன்குறி உண்டா? கீழ்க்குறி உண்டா? விதி இல்லையென்றால் சந்திரக்கலையை வெளியே காட்டிவிட்டு நகர்ந்துவிடும். மலையாளத்துக்கு ஓப்பன்டைப்பில் பழைய விதிமுறை, புதிய விதிமுறை என்று இரண்டு அடையாளங்கள் உள்ளன. பழைய மென்பொருளிலும் ஓட வேண்டும் என்றால் இரண்டுக்கும் விதி எழுத வேண்டும்.

பதிப்பாளர் இதிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டியது: எழுத்துருவைத் தேர்ந்தெடுத்த கணமே எழுத்துமுறையையும் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். அதனால்தான் ஆசிரியரைக் கேட்காமல் ஃபான்ட் மாற்றக் கூடாது. அச்சகத்துக்கு எழுத்துரு பதித்த பி.டி.எஃப். அனுப்பாமல் திறந்த கோப்பை அனுப்பினால், அங்கே வேறு ஃபான்ட் ஏறி, அட்டையில் பழைய லிபியும் உள்ளே புதிய லிபியுமாக நூல் வந்து நிற்கும்.

சில்லு எழுத்துகளில் அப்படி என்ன சிக்கல்?

சொல்லின் இறுதியில் அகரமோ சந்திரக்கலையோ இல்லாமல் தனியாக நிற்கும் மெய்களுக்கு மலையாளத்தில் தனி உருவம் உண்டு: ண், ன், ர், ல், ள் முதலியவை. இவைதான் சில்லு. 2008-க்கு முன் யூனிகோடில் இவற்றுக்குத் தனி இடமில்லை. மெய், சந்திரக்கலை, அதன்பின் கண்ணுக்குத் தெரியாத 'இணைப்பான்' குறி ஒன்று என மூன்றையும் சேர்த்தே சில்லு வந்தது. கண்ணுக்குத் தெரியாததைத் தேடலும் இணைய முகவரிகளும் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அப்போது, இடைவெளியின்றி எழுதப்படும் 'வன் யவனிக' என்பதும் 'வன்ய வனிக' என்பதும், அதாவது பெருந்திரையும் காட்டுச் சோலையும், ஒன்றாகிவிடும். அந்த விவாதத்தில் ஓயாமல் அடிபட்ட எடுத்துக்காட்டு இது.

2008-இல் யூனிகோடு 5.1 ஆறு சில்லுகளுக்குத் தனி இடம் தந்தது. 2016-இல் இன்னும் மூன்று சேர்ந்தன. பிரச்சினை தீர்ந்ததா? பாதி. பழைய உரைகள் பழைய முறையிலேயே கிடக்கின்றன. எனவே எழுத்துரு இரண்டு முறைக்கும் ஒரே உருவத்தைக் காட்டியாக வேண்டும். 'என்டெ' (என்னுடைய) என்ற சொல்லில் வரும் கூட்டு இன்னும் மோசம். னகரத்தின் கீழ் றகரம் அடுக்கிய அந்த உருவத்தை வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு குறியீட்டு வரிசையில் எழுதிவைத்தன. திரையில் ஒன்றாகத் தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. நூலுக்குச் சொல்லடைவு தயாரிக்கும் முன் உரையை ஒரே முறைக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 'ஸாஃப்ட்வேர்' என்பதை மலையாளத்தில் எழுதும்போது ட்-டுக்கும் வே-வுக்கும் நடுவே 'இணைக்காதே' என்று சொல்லும் மறைகுறி ஒன்றைப் போடுவார்கள். இல்லையென்றால் வகரம் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். உரையைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று தெரியாத குறிகளை எல்லாம் மொத்தமாக நீக்கும் வழக்கம் நம் டிடிபி உலகில் உண்டு. தமிழில் அதனால் பெரிய கேடு இல்லை. மலையாளக் கோப்பில் அதைச் செய்தால் மெய்ப்புத் திருத்தியவர் உங்களை மன்னிக்கமாட்டார்.

பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை என்ன செய்வது?

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் நமக்குப் பாமினி, டாப், டாம் என்றால் அவர்களுக்கு எம்எல்-டிடி வரிசை: கார்த்திக, ரேவதி என்று நட்சத்திரப் பெயர்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் ஐ.எஸ்.எம். மென்பொருளோடு பரவியவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் மலையாள உருவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள் இவை. ஒரு கோப்பில் 256 இடங்களுக்கு மேல் கிடையாது என்பதால் புதிய லிபிதான் வசதி. ரசனவின் முதல் வடிவத்தைப் பல கோப்புகளாகப் பிரித்து வைக்க வேண்டியிருந்ததும் இதே காரணத்தால்தான்.

யூனிகோடுக்கு மாற்றக் கருவிகள் உண்டு. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் 'பய்யன்ஸ்' நீண்ட நாளாக இருக்கிறது. மாற்றியதை அப்படியே நம்பாதீர்கள். பழைய கோப்பில் கண்ணில் தெரியும் வரிசையில் தட்டியிருப்பார்கள்: எகரக் கொம்பு முதலில், எழுத்து பிறகு. யூனிகோடில் எழுத்து முதலில், குறி பிறகு. ரகர முன்குறியும் அப்படித்தான் இடம் மாற வேண்டும். கொம்பும் முன்குறியும் ஒரே அசையில் சேர்ந்து வரும் இடங்களையே முதலில் சோதியுங்கள். பிழை இருந்தால் அங்கேதான் இருக்கும்.

நூலின் உடல் எழுத்தை வரையும்போது எதில் கவனம் வேண்டும்?

அடுக்கெழுத்தின் கீழ்ப் பகுதியில். புதிதாக வருகிறவர்கள் 'ட'-வை எடுத்து, அளவைக் குறைத்து, 'ஷ'-வின் கீழே ஒட்டிவிடுவார்கள். அளவு குறையும்போது கோட்டின் தடிமனும் குறைகிறது. பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் அடுக்குகள் எல்லாம் வெளிறித் தெரியும். கீழெழுத்தை அந்த அளவுக்கென்றே, கோடு மெலியாமல், உள்வெளியைத் திறந்து, புதிதாக வரைய வேண்டும். நாளிதழ்த் தாளில் மை பரவும். மலையாள எழுத்துகளின் தொடக்கச் சுழிகள் சின்னவை. அடுக்கின் அடியில் அவை இன்னும் சிறுத்து, மை நிரம்பி வெறும் பொட்டாகிவிடும்.

அடுத்தது வரி இடைவெளி. அடுக்குகள் கீழே இறங்கும், இகரக் குறியின் வளைவு மேலே ஏறும். இரண்டும் முட்டாமல் இருக்க, ஆங்கிலத்துக்குப் பழகிய இடைவெளி போதாது. செய்தித்தாள் தலைப்புகளுக்குப் புதிய லிபி பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடுக்கு குறைந்தால் இரண்டு வரித் தலைப்பை நெருக்கி வைக்கலாம்.

வரி உடைப்பையும் பார்க்க வேண்டும். சொற்கள் சேர்ந்து சேர்ந்து நீளும் மொழி. குறுகிய பத்தியை இருபுறமும் சமன் செய்தால் நடுவே வெள்ளை ஆறு ஓடும். அசை எல்லையில் உடைக்கலாம். கூட்டெழுத்துக்கு நடுவே உடைக்கக் கூடாது. சில்லோ அனுஸ்வாரமோ அடுத்த வரியின் தலையில் போய் நிற்கவும் கூடாது.

எந்த எழுத்துருக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

நூலுக்கு ரசன. ஹுசைனே வரைந்த மீரா, கோடு சீராக ஓடும் எழுத்து. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு நன்கு பழக்கம். சந்தோஷ் தோட்டிங்ஙல் 2016-இல் வெளியிட்ட மஞ்சரியில் கோணமே கிடையாது. சுருள்வளைவுக் கணிதத்தைக் கொண்டு வரைந்தது, கோடுகளின் முனைகூட உருண்டைதான். அவருடைய சிலங்க கையெழுத்துப் பாணி. 2023-இல் வந்த நூபுரம் மாறும் எழுத்துரு: தடிமன், அகலம், சாய்வு, முனையின் மென்மை நான்கையும் ஒரே கோப்பிலிருந்து கூட்டிக் குறைக்கலாம். எழுதிப் பழகும் குழந்தைகளுக்காக அம்புக்குறி போட்ட வடிவமும் அதில் உண்டு. ரசன டைப்போகிராஃபி நிறுவனத்திலிருந்து பன்மன, டி.என். ஜாய், எழுத்து என்று வரிசையாக வருகின்றன. 'எழுத்து' நாராயண பட்டதிரியின் அழகெழுத்தை அடிப்படையாகக் கொண்டது.

தமிழர் கைபட்டதும் உண்டு. ஆப்பிள் கணினியில் 'மலையாளம் எம்.என்.', 'மலையாளம் சங்கம் எம்.என்.' என்று பார்த்திருப்பீர்கள். அந்த எம்.என்., முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். 'ஏக் டைப்' குழுவின் பாலூ வரிசையில் தமிழ் எழுத்துருவுக்குப் 'பாலூ தம்பி', மலையாளத்துக்குப் 'பாலூ சேட்டன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உறவுமுறை தப்பவில்லை.

இதை ஒருவரே செய்ய முடியுமா?

முடியும், செய்தவர்களும் உண்டு. ஆனால் வரைவதும் விதி எழுதுவதும் இரண்டு தனித் தொழில்கள். 2019-இல் வந்த காயத்ரி எழுத்துருவைப் பினோய் டோமினிக் வரைந்தார். ஓப்பன்டைப் பொறியியலைக் காவ்யா மனோகர் பார்த்துக்கொண்டார். இந்தப் பிரிவினை நல்லது. வரைபவர் தமிழர் என்றால், கூட்டுப் பட்டியலையாவது மலையாளம் வாசித்தே வளர்ந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இலவச எழுத்துருவை விற்பனை நூலில் போடலாமா?

மேலே சொன்ன கேரளத்து எழுத்துருக்கள் கட்டற்றவை, பெரும்பாலும் எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பவை. அந்த உரிமத்தில் அச்சிடலாம், மின்னூலில் பதிக்கலாம், மாற்றியும் அமைக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது.

தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் வரும் இருமொழி நூலுக்கு அளவை எப்படிப் பொருத்துவது?

பாயிண்ட் எண்ணை நம்பாதீர்கள். தமிழுக்கு 11 என்று போட்டு மலையாளத்துக்கும் 11 என்று போட்டால் ஒன்று கத்தும், மற்றது முணுமுணுக்கும். இரண்டு லிபியிலும் 'ப' ஏறத்தாழ ஒரே சாயல். இரண்டு 'ப'-வையும் பக்கத்தில் வைத்து, உயரம் ஒத்துவரும் வரை மலையாளத்தின் அளவை மாற்றுங்கள். பிறகு கோட்டின் தடிமனைப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அளவைத் தொடாமல் வேறு தடிமனுக்குப் போங்கள். வரி இடைவெளியை மலையாளத்தின் ஆழமான அடுக்கை வைத்து முடிவு செய்து, தமிழை அதற்குள் வையுங்கள். 'ராஷ்ட்ரீயம்', 'ஸ்வாதந்த்ர்யம்' இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரும் ஒரு மாதிரிப் பக்கத்தை, நூல் அச்சாகும் அதே தாளில் எடுத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.